மூச்சு முட்டாமலே வரும் ஆபத்து

(பிள்ளைப் பராமரிப்பு நிலையத்தில் நடந்த குடும்ப நலக் கூட்டத்தில் தோட்ட நலன்புரி உத்தியோகத்தர் ஆற்றிய உரை)



நான் டாக்டர் இல்லை. சாதாரண தரம் வரை படித்தவன். விஞ்ஞானத்தில் தட்டுத் தடுமாறித்தான் சித்தியடைந்தேன். அந்தப் பாடத்தைப் பிறகு என்னைப் படிக்க வைத்தது தோட்டத்தில் நான் கண்ட சில சம்பவங்கள். இன்று பேசப்போவது மூச்சைப் பற்றி. "மூச்சு விடத் தெரியாதவங்களா நாங்க?" என்று கேட்பீர்கள். விடத் தெரியும். ஆனால் காற்றில் ஒட்சிசன் குறைந்துபோனால் நமது உடம்பு எப்படி அறிகிறது, எப்போது அறியாமல் போகிறது என்பது பலருக்குத் தெரியாது. எனக்கும் தெரியாமல்தான் இருந்தது.

முதலில் ஒரு சோதனை. எல்லோரும் மூக்கைப் பொத்திக்கொண்டு மூச்சை அடக்குங்கள். கைப்பிள்ளைக்காரிகளும் கர்ப்பிணித் தாய்மாரும் வேண்டாம். நான் மணிக்கூட்டைப் பார்க்கிறேன்...

சரி, விடுங்கள். அரை நிமிடம் தாண்டியதும் நெஞ்சு முட்டியது, இல்லையா? "இனி முடியாது, மூச்சை இழு" என்று உள்ளே யாரோ அதட்டுவது போல இருந்தது. ஒட்சிசன் தீர்ந்துபோனதால்தான் அப்படி என்று நினைப்போம். அது சரியல்ல. ஒட்சிசன் உங்கள் இரத்தத்தில் இன்னும் தாராளமாக இருந்தது. அதட்டியது காபனீரொட்சைட்டு, அதாவது நாம் வெளியே விட வேண்டிய கழிவுக் காற்று. அது வெளியேறாமல் இரத்தத்தில் சேர்ந்ததும், மூளையின் அடிப்பகுதியில் இருக்கிற ஒரு இடம் உடனே கண்டுபிடித்து மணி அடிக்கிறது. உடம்பின் பெரிய மணி அதுதான்.

இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. கழிவுக் காற்று வழக்கம்போல வெளியே போய்க்கொண்டிருந்தால், உள்ளே வரும் காற்றில் ஒட்சிசன் இல்லாவிட்டாலும் அந்தப் பெரிய மணி அடிக்காது. மூச்சு முட்டாது. மனிதன் அப்படியே மயங்கி விழுவான்.

ஒரு கிணற்றுச் சம்பவத்தைச் சொல்கிறேன். நான் வேலைக்குச் சேர்ந்த ஆரம்பத்தில், வேறொரு தோட்டத்தில் நடந்தது. பல வருடமாகப் பலகை போட்டு மூடிக் கிடந்த கிணறு. வரட்சிக் காலம், பீலியிலும் தண்ணீர் இல்லை. கிணற்றைத் துப்புரவு செய்யலாம் என்று பலகையை எடுத்தோம். நல்ல உழைப்பாளி ஒருவர் மரத்தில் கயிற்றைக் கட்டி, அதைப் பிடித்துக்கொண்டு இறங்கினார். இடுப்பில் கட்டவில்லை. பாதித் தூரம் போகும்வரை பேசிக்கொண்டே போனார். பிறகு பேச்சு நின்றது. கத்தவில்லை, இருமவில்லை. கைப்பிடி நழுவி உள்ளே விழுந்த சத்தம்தான் கேட்டது.

மேலே நின்ற அவருடைய மச்சான் அடுத்த நொடியே கயிற்றைப் பிடித்தான். "இறங்குடா, போய்த் தூக்குடா!" என்று கத்தினேன். ஆமாங்க, கத்தியது நான்தான். அவன் மனைவி ஓடி வந்து அவன் இடுப்பைக் கட்டிப் பிடித்துக்கொண்டு விடவேயில்லை. "என்ன வேணும்னாலும் பேசுங்க, நான் விட மாட்டேன்" என்றாள். எல்லோரும் அவளை ஏசினோம். அவள் விட்டிருந்தால் அன்றைக்கு இரண்டு பெட்டி செய்ய வேண்டியிருந்திருக்கும். முதலில் இறங்கியவர் உயிரோடு வரவில்லை.

இது ஏன் இவ்வளவு விரைவாக நடக்கிறது? நாம் சுவாசிக்கும் காற்றில் ஒட்சிசன் சுமார் 21 வீதம். மூடிக் கிடக்கும் கிணற்றில் இலை தழை அழுகும்போது, அந்த அழுகல் ஒட்சிசனைத் தின்றுவிடுகிறது. அங்கே 6 வீதத்துக்கும் குறைவாக இருந்தால் ஓரிரு மூச்சுப் போதும், ஒரு நிமிடத்துக்குள் நினைவு தப்பிவிடும். மூச்சை அடக்கி ஒரு நிமிடம் தாக்குப்பிடிப்பவன் ஏன் இரண்டு மூச்சில் விழுகிறான்? அடக்கும்போது நெஞ்சுக்குள் நல்ல காற்றின் மிச்சம் இருக்கிறது. வெறும் காற்றை இழுத்தால், இரத்தத்தில் ஏற்கனவே இருக்கிற ஒட்சிசனும் நுரையீரல் வழியாகத் திரும்பி வெளியே போய்விடுகிறது. கடைக்குச் சாமான் வாங்கப் போனவன் கைக்காசையும் பறிகொடுத்துவிட்டு வந்த கதைதான்.

சில குழிகளில் காபனீரொட்சைட்டும் சேர்ந்திருக்கும். அங்கே மூச்சு வாங்கும், பெரிய மணி அடிக்கும். அடித்தாலும் ஏறி வர நேரம் இருக்காது.

"அவர் ஏன் மேலே பார்த்து ஒரு சத்தம் போடவில்லை?" என்று பல வருடம் யோசித்திருக்கிறேன். அதற்குப் பதில் பிறகு ஒரு பழைய சரித்திரத்தில் கிடைத்தது. 1875 ஏப்ரல் 15ஆம் திகதி, பிரான்ஸ் நாட்டில் மூன்று பேர் ஒரு பெரிய வாயுக்கூண்டில் ஏறி ஆகாயத்துக்குப் போனார்கள். 8,000 மீற்றருக்கு மேல் போனார்கள். நம்முடைய பீதுருதாலகால மலையை மூன்று தடவை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்த உயரத்துக்கும் கூட. ஒட்சிசன் பைகளைக் கூடவே கொண்டு போயிருந்தார்கள். மயக்கம் வந்தால் குழாயை வாயில் வைத்து இழுத்துக்கொள்ளலாம் என்பது ஏற்பாடு. கூண்டு தரைக்கு வந்தபோது இரண்டு பேர் இறந்து கிடந்தார்கள். தப்பியவர் காஸ்தோன் திசாந்தியே. அவர் எழுதிவைத்திருக்கிறார்: வலி ஒன்றுமே இல்லையாம், மனதுக்குள் ஒரு சந்தோஷமாம். ஆபத்து என்ற எண்ணமே வரவில்லையாம். ஒட்சிசன் குழாயை எடுக்க நினைத்தபோது கை அசையவில்லையாம்.

ஒட்சிசன் குறைந்தால் முதலில் கெடுவது மூளை. ஆபத்து என்று உணர வேண்டியதும் அதே மூளை. காவல்காரனையே முதலில் தூங்க வைத்துவிட்டுத் திருடன் உள்ளே வருகிற மாதிரி.

இதே கணக்கில் இன்னொரு ஆபத்தும் உண்டு. ஆற்றிலும் குளத்திலும் முங்குநீச்சல் போட்டி வைக்கிற பொடியன்கள் கேளுங்கள். முங்குவதற்கு முன் வேகமாகப் பத்து இருபது மூச்சு இழுத்து விட்டுப் போனால் அதிக நேரம் உள்ளே இருக்கலாம் என்று உங்களுக்குள் ஒரு வித்தை இருக்கிறது. அப்படிச் செய்தால் ஒட்சிசன் பெரிதாகக் கூடாது. கழிவுக் காற்றுத்தான் குறைகிறது. மணி அடிப்பது தாமதமாகும். அதற்குள் ஒட்சிசன் தீர்ந்து தண்ணீருக்குள்ளேயே மயங்கிவிடுவீர்கள். நீச்சல் நன்றாகத் தெரிந்தவனே இப்படிச் சாகிறான்.

அப்படியானால் ஒட்சிசனைப் பார்க்க உடம்பில் ஆளே இல்லையா? இருக்கிறது. கழுத்தின் இரண்டு பக்கமும் நாடித் துடிப்பு தெரிகிறதல்லவா, தொட்டுப் பாருங்கள். அந்தப் பெரிய இரத்தக் குழாய் மேலே போய் இரண்டாகப் பிரிகிற இடத்தில், பக்கத்துக்கு ஒன்றாக, ஒரு அரிசி அளவில் ஒரு சின்ன உறுப்பு இருக்கிறது. இரத்தத்தில் ஒட்சிசன் இறங்குகிறதா என்று அது பார்த்துக்கொண்டே இருக்கிறது. இறங்கினால் மூளைக்குச் செய்தி அனுப்பும், மூச்சு வேகமாகும். இதன் வேலையைக் கண்டறிந்ததற்காக பெல்ஜியம் நாட்டுக் கோர்நேய் ஹேமன்ஸ் என்பவருக்கு 1938ஆம் ஆண்டின் நோபல் பரிசு கிடைத்தது. கொழும்பிலிருந்து நுவரெலியாவுக்கு வந்து இறங்கும் உறவினர்கள் படி ஏறும்போது மூச்சு வாங்குகிறார்களே, பார்த்திருப்பீர்கள். நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,870 மீற்றர் உயரம். அங்கே ஒரு மூச்சில் கிடைக்கும் ஒட்சிசன், கொழும்பை விட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு.

ஆனால் இந்தக் காவல்காரனிடம் ஒரு குறை. ஒட்சிசன் கொஞ்சம் குறைந்தால் பெரிதாகக் கண்டுகொள்ள மாட்டான். நன்றாகக் குறைந்த பிறகுதான் பலமாகச் சத்தம் போடுவான். கிணற்றில் அவன் சத்தம் போடுமுன்னே ஆள் விழுந்துவிடுகிறான். இதைவிடப் பெரிய குறை ஒன்றும் உண்டு. அதைச் சொல்ல பஸ்ஸை உதாரணத்துக்கு எடுக்கிறேன்.

நமது இரத்தத்தில் செங்குழியங்கள் ஓடுகின்றன. அவற்றுக்குள்ளே ஈமோகுளோபின் என்ற பொருள் இருக்கிறது. அதை நாலு இருக்கை உள்ள சின்ன பஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு இருக்கையும் இரும்பால் ஆனது. ஒட்சிசன் நெஞ்சில் ஏறி உட்காரும், கை கால் மூளை என்று தேவையான இடத்தில் இறங்கும். ஸ்டாண்டிலே ஏறுவதற்குப் போதிய ஒட்சிசன் நிற்கிறதா என்பதைத்தான் கழுத்திலுள்ள காவல்காரன் பார்க்கிறான். எத்தனை பஸ் ஓடுகிறது, இருக்கையில் உட்கார்ந்திருப்பது யார் என்பதெல்லாம் அவனுக்குத் தெரியாது. ஆகவே இரண்டு ஆபத்து அவன் கண்ணில் படாமல் போகிறது. ஒன்று, இருக்கையில் வேறு ஆள் ஏறிக்கொள்வது. மற்றது, பஸ்ஸே குறைந்துபோவது. இரண்டும் நமது லயத்துக்குள் இருக்கின்றன.

முதல் ஆளின் பெயர் காபனோரொட்சைட்டு. விறகோ கரியோ நன்றாக எரியாமல் கனலும்போது வருகிற வாயு. நிறமில்லை, மணமில்லை. ஒட்சிசனை விட 200 மடங்குக்கும் மேலான பிடியோடு இருக்கையில் உட்கார்ந்துகொள்ளும், சீக்கிரம் இறங்காது.

எங்கள் அக்காவுக்குத் தலைப்பிள்ளை பிறந்தது ஒரு மார்கழி மாதம். பச்சை உடம்புக்காரிக்குக் குளிர் ஆகாதென்று பாட்டி உடைந்த சட்டியில் தணலை அள்ளிக் கட்டிலுக்குக் கீழே வைத்தார். காம்பராவுக்கு ஒரு ஜன்னல்தான். அதைச் சாக்கால் அடைத்தார். கதவிடுக்கிலும் சாக்கு. புகை இல்லாத நல்ல கரித் தணல், அதனால் யாருக்கும் பயமில்லை. ஆறு பேர் படுத்தோம். விடியப்புறம் எனக்குத் தலை பிளந்தது. அம்மாவுக்கு வாந்தி. அக்கா எழுந்திருக்கவே இல்லை, கூப்பிட்டால் முனகினாள். பாட்டி என்ன செய்தார் தெரியுமா? "குளிர் பட்டிருச்சு" என்று இன்னும் ஒரு சட்டித் தணல் போட அடுப்படிக்கு எழுந்தார்! அப்பா வெளிக்குப் போவதற்காகக் கதவைத் திறந்தார். திறந்தவர் இஸ்தோப்பிலேயே விழுந்தார். கதவு திறந்தபடி கிடந்தது, அதனால்தான் காற்று வந்தது. குழந்தையின் நிறம் திரும்பும்வரை அம்மா அதைத் தூக்கிக்கொண்டு வாசலில் அங்குமிங்கும் நடந்ததை நான் மறக்கவில்லை. அக்காவும் பிள்ளையும் பிழைத்தார்கள். அந்தப் பிள்ளைக்கு இன்று ஒரு பிள்ளை.

எங்கள் வீட்டில் ஒருவருக்கும் மூச்சு முட்டவில்லை என்பதைக் கவனியுங்கள். தலையிடி, தலைச்சுற்று, வாந்தி, கை கால் சோர்வு, இவ்வளவுதான். ஒரு காம்பராவில் படுத்த எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தலையிடி என்றால், வெளியே வந்ததும் குறைகிறது என்றால், அது தடிமனும் இல்லை, காற்றுக் கறுப்பும் இல்லை. கதவு ஜன்னலைத் திறந்து, எல்லோரையும் வெளியே எடுத்து, 1990 சுவசெரிய அம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். இப்போது நன்றாக இருக்கிறது என்று வீட்டிலேயே படுக்க வேண்டாம். சாதாரணக் காற்றைச் சுவாசித்தால் அந்த வாயுவில் பாதி வெளியேறவே நாலைந்து மணித்தியாலம் ஆகும். ஆஸ்பத்திரியில் ஒட்சிசன் கொடுத்தால் ஒன்று, ஒன்றரை மணித்தியாலத்தில் பாதி போய்விடும். கர்ப்பிணி என்றால் கட்டாயம் போக வேண்டும். தாயை விட வயிற்றுப் பிள்ளையின் இரத்தத்தில் அது அதிகமாகச் சேரும்.

குளிருக்கு என்ன செய்வது என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். கம்பளி கூட்டுங்கள், சுடுதண்ணீர்ப் போத்தலைத் துணியில் சுற்றித் தாயின் காலடியில் வையுங்கள். தணல் வைத்துத்தான் ஆக வேண்டுமென்றால், எல்லோரும் விழித்திருக்கும்போது, ஜன்னல் திறந்திருக்கும்போது காம்பராவைச் சூடாக்கிவிட்டு, படுக்குமுன் சட்டியை வெளியே வைத்துவிடுங்கள். கூரை ஒழுகுகிற, சுவர் ஈரம் குடித்த காம்பராவில் இருப்பவர்களிடம் ஜன்னலைத் திறந்துவையுங்கள் என்று சொல்ல எனக்கே சங்கடமாக இருக்கிறது. அந்தக் கூரை விஷயத்தையும் நான் எழுதிக்கொண்டுதான் இருக்கிறேன். தண்ணீர் இறைக்கும் எஞ்சினையும் மூடிய அறைக்குள்ளோ கிணற்றுக்குள்ளோ வைத்து ஓட்ட வேண்டாம். அந்தப் புகையிலும் இதே ஆள்தான்.

இனி இரண்டாவது, பஸ்ஸே குறைந்துபோவது. இதுதான் இரத்தச் சோகை. இது தாய்மாரின் விஷயம்.

நமது சிறுநீரகம் சிறுநீர் பிரிப்பதோடு நிற்பதில்லை. ஒட்சிசன் போதவில்லை என்றால் "இன்னும் செங்குழியம் செய்" என்று எலும்பு மச்சைக்கு உத்தரவு அனுப்புவதும் சிறுநீரகம்தான். உடம்பின் கலங்கள் அந்தக் குறையை எப்படி அறிகின்றன என்று கண்டறிந்ததற்காக கெலின், ராட்கிளிஃப், செமென்சா ஆகிய மூன்று பேருக்கு 2019இல் நோபல் பரிசு கொடுத்தார்கள். அவர்கள் கண்டது இதுதான்: கலத்துக்குள் ஒரு புரதம் ஓயாமல் உண்டாகிறது, ஒட்சிசன் இருக்கும்வரை உடனுக்குடன் அழிக்கப்படுகிறது. ஒட்சிசன் குறைந்தால் அழிப்பவர் இல்லை. அது தங்கி நின்று வேலையைத் தொடங்கிவிடுகிறது. உயரமான மலைக்குக் குடிபோனவர்களின் இரத்தத்தில் சில வாரங்களில் செங்குழியம் கூடுவது இப்படித்தான்.

ஆனால் உத்தரவு வந்தால் மட்டும் பஸ் ஓடிவிடுமா? இருக்கை செய்ய இரும்பு வேண்டாமா? அந்த இரும்புதான் நம் பெண்களிடம் இல்லை. மாதா மாதம் போகிறது, பிள்ளைப்பேற்றில் போகிறது, கொக்கிப்புழு இருந்தால் குடலுக்குள்ளேயே போகிறது. சாப்பாட்டில் வருவதோ கொஞ்சம். சிறுநீரகம் உத்தரவு மேல் உத்தரவு போட்டும் பிரயோசனமில்லை.

இது மெல்ல மெல்ல வருவதால் உடம்பு சமாளித்துக்கொள்கிறது. இதயம் கூடுதலாக அடிக்கிறது, இருக்கிற பஸ்ஸை வைத்துக்கொண்டே இரண்டு ட்ரிப் ஓட்டுகிறது. அவளுக்கு ஒன்றும் தெரியாது. "முந்தி மாதிரி முடியலைங்க, வயசாயிருச்சு" என்பாள். வயது 29! மேட்டு மலையில் கூடையோடு ஏறும்போது நெஞ்சு படபடக்கிறது, இரண்டு தடவை உட்கார்ந்து எழும்புகிறாள். நிறை குறைகிறது, கணக்கப்பிள்ளை சத்தம் போடுகிறார், வீட்டில் சோம்பேறி என்கிறார்கள். புருஷன்மாரே, அது சோம்பல் என்று முடிவு கட்டுமுன் அவள் கண்ணின் கீழ் இமையை இழுத்துப் பாருங்கள். உள்ளே வெளிறியிருந்தால் கிளினிக்குக்குக் கூட்டிப் போங்கள். சிவப்பாக இருந்தாலும் சோர்வு இருந்தால் கூட்டிப் போங்கள். கண்ணால் பார்த்து மட்டும் நிச்சயம் சொல்ல முடியாது. இரத்தத்தைச் சோதித்து, ஈமோகுளோபின் 12க்குக் குறைவென்றால், கர்ப்பிணிக்கு 11க்குக் குறைவென்றால், அது சோகை.

கொரோனாக் காலத்தில் விரலில் மாட்டிப் பார்க்கும் சின்னக் கருவி சில வீடுகளுக்கு வந்தது. ஒட்சிசன் ஆபத்தான அளவுக்கு இறங்கியும் மூச்சு முட்டாமல் பேசிக்கொண்டிருந்த நோயாளிகளை அது காட்டிக்கொடுத்தது, நல்ல சாமான்தான். ஆனால் சோகைக்கு அதை நம்ப வேண்டாம். ஓடுகிற பஸ்ஸில் இருக்கை நிறைந்திருக்கிறதா என்றுதான் அது பார்க்கும், எத்தனை பஸ் என்று எண்ணாது. சோகைக்காரிக்கும் 98 என்று காட்டும். கரி வாயு ஏறியவருக்கும் நல்ல எண்ணையே காட்டும், இருக்கையில் இருப்பது திருட்டுப் பயணி என்று அதற்குப் புரியாது.

சாப்பாட்டைப் பற்றி ஒன்றே ஒன்று சொல்கிறேன், நீங்கள் சிரிப்பீர்கள். நமக்குச் சோறு போடும் தேயிலைதான் இதில் குறுக்கே நிற்கிறது. ரொட்டி, சோற்றோடு சாயம் குடித்தால், கீரையிலும் பருப்பிலும் இருக்கிற இரும்பைத் தேயிலையின் துவர்ப்புப் பிடித்துக்கொள்ளும், உடம்பில் சேர விடாது. தேத்தண்ணியை விடச் சொல்லவில்லை, சொன்னாலும் யார் கேட்கப் போகிறீர்கள்? சாப்பாட்டுக்கும் தேத்தண்ணிக்கும் நடுவே ஒரு மணித்தியாலம் இடைவெளி விடுங்கள். கிளினிக்கில் இலவசமாகக் கொடுக்கும் இரும்புக் குளிசையைத் தேத்தண்ணியோடு விழுங்குகிற தாய்மாரை நான் பார்த்திருக்கிறேன். குளிசை வீணாகப் போகிறது. தண்ணீரோடு குடியுங்கள், தேசிக்காய்த் தண்ணீர் அல்லது ஒரு கொய்யாப்பழம் கூட இருந்தால் இன்னும் நன்றாகச் சேரும். மலம் கறுப்பாகப் போகும், பயந்து நிறுத்த வேண்டாம். நெத்தலி, கருவாடு, முட்டை கிடைக்கிற நாளில் அவளுக்கும் ஒரு பங்கு வையுங்கள். கடைசியாகச் சட்டியை வழித்துச் சாப்பிடுகிறவள் அவள்தான் என்பது எனக்கும் தெரியும்.

பெரியவர் ஒருவர் பின்னாலிருந்து கையைத் தூக்குகிறார். சொல்லுங்கையா... விளக்கை இறக்கிப் பார்த்துவிட்டுக் கிணற்றில் இறங்கலாமா என்று கேட்கிறார். நல்ல கேள்வி, அந்தக் காலத்தில் அப்படித்தான் செய்தார்கள். ஒட்சிசன் 16, 17 வீதத்துக்கு வந்தாலே மெழுகுதிரி அணைந்துவிடும், ஆகவே அணைந்தால் நிச்சயமாக இறங்கக் கூடாது. அணையவில்லை என்பதற்காகவும் இறங்கக் கூடாது. காபனோரொட்சைட்டு விளக்கை அணைக்காது, ஆளைத்தான் அணைக்கும். மலசலகூடக் குழியில் விளக்கை இறக்கவே வேண்டாம், அங்கே தீப்பிடிக்கிற வாயு இருக்கும். யாராவது உள்ளே விழுந்துவிட்டால் மேலேயிருந்து கயிறு போடுங்கள், தீயணைப்புப் படைக்கு 110க்கு அடியுங்கள். பின்னால் இறங்கப் போகிறவனைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஏசினாலும் விடாதீர்கள்.

நமது தோட்டத்தில் மூடிக் கிடக்கும் குழிகளும் பழைய தண்ணீர்த் தாங்கிகளும் எங்கெங்கே இருக்கின்றன என்று ஒரு பட்டியல் எழுதிக்கொண்டிருக்கிறேன். உங்களுக்குத் தெரிந்ததை லயத்தோடு சேர்த்துச் சொல்லுங்கள், ஒவ்வொன்றுக்கும் மூடியும் பலகையும் போடக் கேட்கப் போகிறேன். இரத்தம் சோதிக்க விரும்பும் தாய்மார் போகுமுன் மருத்துவ மாதுவிடம் பெயரைக் கொடுங்கள். தேத்தண்ணி தயாராம். இப்போது வெறும் பிஸ்கட்தான், ஆகவே தாராளமாகக் குடிக்கலாம்.